ஒருமுறை கேட்கும் நாடும் ஓயாமல் ஊட்டும் நாடும்

நோர்வேக்குப் போய் இறங்கிய முதல் கிழமை நான் அரைப் பட்டினி. சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். போன வீடெல்லாம் மேசை நிறையச் சாப்பாடு இருந்தது. பிழை என்னுடைய வாயில்தான்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அந்தக் கரைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஒரு வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள், "வேண்டாம்" என்போம். திரும்பக் கேட்பார்கள், "ஐயோ, இப்பதான் குடிச்சனாங்கள்" என்போம். மூன்றாம் முறை கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், குடிப்போம். இதுதானே மரியாதை? என் தம்பி அன்ரனின் பக்கத்து வீட்டு நோர்வேக்காரக் கிழவி என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டா. கிறீம் பூசிய பெரிய கேக் ஒன்றை வெட்டி, வேண்டுமா என்று கேட்டா. நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த மனிசி சரி என்று கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் வைத்துவிட்டு வந்து, மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா! என் கண் முழுக்கக் குசினிக் கதவில்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தம்பியின் மகள் யசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமி, இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டு சொன்னால் வேண்டாம் எண்டுதான் நம்புவினம். வேணுமெண்டால் உடன ஓம் எண்டுங்கோ."

முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், ஒரு மனிசர் சொன்ன சொல்லை அப்படியே நம்புவதும் எவ்வளவு பெரிய மரியாதை! அன்றிலிருந்து யார் எதை நீட்டினாலும் முதல் கேள்விக்கே ஓம் என்று வாங்கப் பழகினேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. யசிந்தா அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. தாய் நோயில் போன பிறகு தம்பி தனியாளாக வளர்த்த ஒரே பிள்ளை. அவள் ரூயி என்ற போர்த்துக்கல் பெடியனைக் கட்டப்போகிறேன் என்கிறாள். ரூயி அந்தத் துறைமுகத்தில் மீன்பிடி போட்டில் வேலை. "அக்கா, ஒருக்கா வந்து சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள்" என்று அன்ரன் போனில் அழாக்குறையாகக் கேட்டான்.

ஏன் என்னைக் கூப்பிட்டான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னுடைய மனிசன் ஒரு வாடைக் காலத்தில் கடலுக்குப் போனவர், வரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. அப்போது எனக்கு முப்பது வயதும் ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. கடல்காரனைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் விரலால் காட்டுவார்கள். அந்த விரலை நோர்வேக்கே இறக்குமதி செய்திருந்தான் தம்பி.

சரி, அதை விடுங்கள். நோர்வேயைச் சொல்கிறேன்.

காலையும் பாண், மத்தியானமும் பாண். பாணில் ஒரு துண்டுச் சீஸ், அதைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு டொக்டரும் போகிறார், தெருக் கூட்டுபவரும் போகிறார். மண்ணிறத்தில் ஒரு சீஸ் இருக்கிறது. வாயில் வைத்தேன், பாலும் சீனியும் காய்ச்சிச் செய்யும் அசல் எங்கள் பால்ரொபி! உப்புப் போட்ட பால்ரொபி. சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும், வீட்டுப் பிள்ளைகள்கூட, சமைத்தவரைப் பார்த்துச் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறார்கள். நான் ஆயுள் முழுக்கச் சமைத்திருக்கிறேன். கறி உறைப்பு என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. முதல் முறை யசிந்தா எனக்கு அப்படிச் சொன்னபோது பதறிப்போய் "பரவாயில்லை பிள்ளை" என்றேன்.

வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். அதைப் பார்த்ததும் இவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று மனம் குளிர்ந்தது. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தாலும் வந்து இருக்கமாட்டார்கள். எனக்கு ஏதோ தொற்றுநோய் என்ற மாதிரி நின்றுகொண்டே வருவார்கள்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் நானும் யசிந்தாவும் கடைக்குப் போய்த் திரும்பும்போது தரிப்பிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் வந்துவிட்டது. எங்கள் ஊரில் வவுனியா பஸ்ஸை வீட்டுப் படலையில் நின்றே மறிப்போம். டிரைவர் திட்டிக்கொண்டாவது நிற்பாட்டுவார். நானும் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். டிரைவர் மெதுவாக என்னைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தரிப்பிடத்தில் நேரத்துக்கு நின்று, நேரத்துக்குப் போய்விட்டார். உடனே மழையும் பனியும் கலந்து கொட்டத் தொடங்கியது. நான் அந்த நாட்டையே திட்டிக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிய மனிதர் கதவைத் திறந்தார், ஏறினோம். வழி முழுக்க ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பெயர் கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எங்களூர் என்றால் உதவி செய்கிறவர் நாங்கள் இறங்குவதற்குள் எங்கள் சாதகமே எழுதியிருப்பார். இப்படியும் ஒரு அன்பு இருக்கிறது, வாயில்லாத அன்பு.

ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது மீன் காயும் இடம். கரை ஓரமாக மரத் தடிகளால் வீடு உயரத்துக்குப் பந்தல் போட்டு, இரண்டிரண்டாக வாலில் கட்டிப் பெரிய பெரிய மீன்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டின தூரம் மீன். பின்னால் பனி மூடிய மலை. ஒரு ஈ இல்லை, காகம் இல்லை, காவலுக்கு ஒரு ஆள் இல்லை.

"உப்பு எங்க?" என்று கேட்டேன்.

"உப்பும் இல்லை, வெயிலும் இல்லை அக்கா. குளிர் காத்துத்தான். அதுவாக் காயும்" என்றான் அன்ரன்.

உப்பும் வெயிலும் இல்லாமல் கருவாடா! என் ஆயுளில் கேள்விப்படாத கதை. கிட்டப் போய் மூக்கை வைத்தேன். அதே மணம். எங்கள் கரை வாடியில் பாய் விரித்துக் காயவைக்கும் கருவாட்டின் அதே மணம். உலகத்தின் உச்சந்தலையில் நின்று ஊர் மணத்தை மோந்தேன். கர்த்தரே, எங்கே எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர் என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரூயி வீட்டுக்கு வந்தான். மெலிந்த பெடியன், கையெல்லாம் தூண்டில் நூல் வெட்டிய தழும்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு "வணக்கம் மாமி" என்றான். யசிந்தா பழக்கியிருக்கிறாள். அன்ரன் ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்பக்கம் போய்விட்டான். நான் ஊரிலிருந்து கொண்டுபோன கட்டாக் கருவாட்டில் குழம்பு வைத்திருந்தேன். பெடியன் எங்களைப் பார்த்துக் கையால் குழைத்துச் சாப்பிட்டான். உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓட ஓட, சோற்றுக் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்றே என்று பயமும் வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டவன் தம்பி?

ரூயியின் தாய் எங்கள் எல்லோரையும் போர்த்துக்கலுக்குக் கூப்பிட்டிருந்தா. அன்ரன் போகச் சம்மதித்ததே ஒரு காரணத்துக்காக. "போனில சொல்லுறது முறையில்லை. முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு வருவம். நீங்களும் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ அக்கா" என்றான். யசிந்தாவும் பிடிவாதக்காரிதான். ஆனால் அப்பா மனம் வைத்துச் சம்மதிக்காமல் கட்டமாட்டேன் என்று ரூயியிடம் சொல்லிவிட்டாள். ஆக, அந்த வீட்டில் அன்ரன் என்ன சொல்கிறான் என்பதில்தான் பிள்ளையின் வாழ்க்கை கிடந்தது.

பிளேனில் ரூயியும் யசிந்தாவும் முன் சீட்டில் இருக்க, அன்ரன் என் காதுக்குள் இன்னொன்றும் சொன்னான். "அந்த வீட்டில கை நனைக்கக் கூடாது. தண்ணியும் குடிக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் கதை முடியும்வரை சாப்பிடமாட்டோம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். ஊரில் இப்போது யார் இதைப் பார்க்கிறார்கள்? முதல் நாளே ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டுக்குப் போனவர்கள்தான் ஊர் வழக்கத்தை ஐஸ்பெட்டிக்குள் வைத்த மாதிரி, போன நாளில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

போர்த்துக்கலில் இறங்கியதும் காது திறந்தது. அப்பாடா, சத்தம்! ஆட்கள் கையை வீசி வீசிக் கதைக்கிறார்கள், கண்டவுடன் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சுகிறார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்த ரூயியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்னையும் கொஞ்சிவிட்டான். விதவையாக இருந்து நரைத்த எனக்கு முகம் வெந்துபோயிற்று. நசரே என்ற அவர்களுடைய கரை ஊருக்குப் பஸ்ஸில் போனோம். பஸ் பிந்தி வந்தது. வழியில் டிரைவர் ஒரு கிழவியை ஏற்ற நிற்பாட்டினார். அந்த மனிசியோ ஏறாமல் வெளியே நின்ற இன்னொருத்தியோடு கதைத்து முடிக்கிறா, டிரைவரும் நடுவில் ஒரு சொல் போடுகிறார். எனக்கு நாடு பிடித்துவிட்டது. நோர்வேயில் பிறந்த யசிந்தாதான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

பஸ்ஸில் ரூயி, யசிந்தா தமிழில் சொல்லச் சொல்ல, எனக்குத் தன் பாஷை படிப்பித்தான். நாங்கள் இருக்கிற கதிரைக்குக் 'கதேய்ரா', மேசைக்கு 'மேசா', குசினிக்குக் 'குசீஞ்ஞா', பாணுக்குப் 'பாவு', சப்பாத்துக்குச் 'சப்பாத்து' என்றே சொல்லிவிட்டான். "அடேய், எங்கட வீட்டுச் சாமான் எல்லாம் உங்கட வீட்டுச் சாமானடா!" என்று கத்திவிட்டேன். இவனுடைய நாட்டார் எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து எங்கள் கரைகளை அடித்துப் பிடித்தவர்கள். அவர்களும் போய், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போய்விட்டார்கள். நாங்கள் கதிரையையும் மாதாவையும் வைத்துக்கொண்டோம். 

நசரேக் கடற்கரையில் இறங்கினால் இன்னொரு அதிசயம். பல அடுக்குப் பாவாடை கட்டிய பெண்கள் கம்பி வலைத் தட்டிகளில் மீனைப் பிளந்து வெயிலில் காய வைக்கிறார்கள். இங்கே உப்பு உண்டு, வெயில் உண்டு, ஈ உண்டு, ஈ கலைக்கிற மனிசியின் வசவும் உண்டு. கறுப்புச் சட்டை போட்டவர்கள் பலர். "புருசன் செத்தால் கடைசிவரைக்கும் கறுப்புத்தான் மாமி" என்றாள் யசிந்தா. பிறகு குரலைக் குறைத்து, "ரூயியின்ர அம்மாவும்தான். அவன்ர அப்பா இந்தக் கடலிலதான்" என்றாள்.

அன்ரனுக்கும் அது கேட்டுவிட்டது. "பாத்தியளோ அக்கா?" என்றான் என்னிடம். யசிந்தா தலையைக் குனிந்தாள்.

ரூயியின் தாய் பெயர் லூர்தஸ். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு லூர்து இருப்பாள். வீதி முனையில் எங்களைக் கண்டதும் கையில் ஒரு தட்டோடு ஓடிவந்தா. கட்டிப்பிடித்துக் கொஞ்சி, "எடு, எடு" என்று தட்டை என் முகத்துக்கு முன் நீட்டினா. எண்ணெய் மின்ன, சுடச்சுட, அசல் எங்கள் மீன் கட்லட். இங்கேதான் நோர்வே என் காலை வாரிவிட்டது. முதல் கேள்விக்கே ஓம் என்று வாங்கப் பழகின கை, தானாகப் போய் எடுத்தது. வாய் தானாகத் திறந்தது.

"அக்கா! வாயில என்ன?"

அன்ரனின் சத்தத்தில் எனக்கு உயிரே போயிற்று. கை நனைத்துவிட்டேன், அதுவும் படி ஏற முன்னமே! துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. லூர்தஸ் ருசி எப்படி என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறா. விழுங்கினேன். "தெரியாமல் திண்டிட்டன், அது கணக்கில்லை" என்று தம்பிக்குச் சொன்னேன். யசிந்தா கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேசையில் இருந்தோம். நோர்வேயில் இருந்து வந்த மீனை உப்பில் காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் உள்ளியும் எண்ணெயும் விட்டுச் சமைத்த பெரிய சட்டி வந்தது. அந்தக் குளிர்க் கடல் மீனுக்கு இந்தச் சூட்டு நாடு இப்படி உயிரை விடுகிறது! அன்ரன் மடியில் கை கட்டிக்கொண்டு இருந்தான். பசி இல்லை என்றான். லூர்தஸ் அவன் கோப்பையில் போட்டா. வேண்டாம் என்றான். இன்னும் போட்டா. மீன் பிடிக்கவில்லை என்று நினைத்துச் சூப் கொண்டுவந்தா. பிறகு மத்தி, பிறகு முட்டை, பிறகு சோறு. நோர்வேக் கிழவியை இங்கே கொண்டுவந்து இருத்தியிருக்க வேண்டும். கடைசியில் லூர்தஸ் அவன் கோப்பையிலிருந்தே ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தா. "உப்புக் கூடிவிட்டதா? இன்னும் ஒரு நாள் ஊற வைத்திருக்க வேண்டும்" என்று தன்னைத்தானே ஏசினா.

யசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்குச் சம்மதம் இல்லை, அதுதான் கை நனைக்கவில்லை என்று ரூயியிடம் நோர்வேப் பாஷையில் சொன்னாள். அவன் தாய்க்குச் சொன்னான். லூர்தஸ் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு இருந்தா. 

"ஏன் என்று கேட்கிறா" என்றான் ரூயி, யசிந்தா வழியாக.

"கடல்" என்றான் அன்ரன். "கேட்டுச் சொல்லு பிள்ளை. புருசனை விழுங்கின கடலுக்கு மகனை எப்பிடி விட்டவா?"

ஒரு வாயிலிருந்து மற்ற வாய்க்கு மாறி மாறி லூர்தஸின் பதில் வந்தது. "நான் விடவில்லை, அவன் போனான். மறித்திருந்தால் பசியோடு போயிருப்பான். அதனால் பாண் கட்டிக் கொடுத்தேன்."

அன்ரன் கொஞ்சம் தடுமாறித்தான் போனான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான். "என்ர அக்காவைப் பாருங்கோ. சின்ன வயசிலேயே தாலியைக் கழட்டினவா. தனிய இருந்து நரைச்சுப்போனா. என்ர பிள்ளையையும் இந்தக் கோலத்தில பாக்க என்னால ஏலாது. சொல்லுங்கோ அக்கா. நீங்களே சொல்லுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யசிந்தாவின் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"தம்பி, அவர் வராத அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் எல்லாரும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். அவர் வந்த நாளைப் பற்றி ஒருத்தராவது என்னட்டக் கேட்டனீங்களோ? வள்ளம் கரைக்கு வாற நேரம் நான் எவ்வளவு சந்தோசமா நிண்டனான் எண்டு உனக்குத் தெரியுமோ? நல்ல மீனை விக்காமல் எனக்கெண்டு சேட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு வருவார். மணக்குதெண்டு நான் ஏசுவன், அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்பவும் என்ர காதுக்குள்ள இருக்கு. எனக்கு நடந்தது துக்கம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா என்ர வாழ்க்கை பிழைச்சுப்போச்சு எண்டு உனக்கு ஆர் சொன்னது? இப்ப ஆண்டவர் வந்து திரும்பக் கேட்டாலும் நான் அந்த மனிசனைத்தான் கட்டுவன்."

 இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"வாசலில தெரியாமல் திண்டனான். இப்ப தெரிஞ்சு தின்னுறன்" என்று சொல்லிவிட்டு, முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்து, கையால் மீனையும் கிழங்கையும் பிசைந்து வாயில் வைத்தேன்.

அன்ரன் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான். "உனக்குப் பயம் இல்லையோ பிள்ளை?"

"பயம்தான் அப்பா. அவன் போற ஒவ்வொரு முறையும் பயம்தான்" என்றாள் யசிந்தா. "அதுக்காக விடேலுமோ?"

 அன்ரன் சேட்டுக் கையை மடித்தான். ஆறிப்போன அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தான். கிழங்கை நசித்து, மீனைப் பிய்த்துச் சேர்த்து, ஒரு கவளம் வைத்தான். மென்றான். லூர்தஸ் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தா. இன்னொரு கவளம் வைத்தான். பிறகு ரூயியை நிமிர்ந்து பார்த்து, வீட்டில் மகளிடம் குறை சொல்கிற அதே சிடுசிடுத்த குரலில், தமிழிலேயே சொன்னான்.

"உப்புக் காணாது. அம்மாட்டச் சொல்லு."

விருந்துக்குப் போன வீட்டில் எங்கள் ஆட்கள் செத்தாலும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சொந்த வீட்டில்தான் சொல்வார்கள். அதை மொழிபெயர்க்க வாய் திறந்த யசிந்தா, மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினாள்.